கார் ஷெட்டில் டிரம்ஸ் பயிற்சி: சத்தத்தை அடைக்கலாம், மூச்சை அடைக்கலாமா?

சென்னை,

கல்யாண வரவேற்பு, கோவில் திருவிழா, கல்லூரி விழா என்று மேடை ஏறும் இசைக்குழு வாலிபர்களுக்குப் பெரிய தலைவலி ஒன்று உண்டு. பயிற்சி செய்ய இடம்!

மணிக்கணக்கில் ஸ்டூடியோவுக்கு வாடகை கட்டினால் கச்சேரிப் பணம் அதிலேயே கரைந்துவிடும். அதனால் பலர் கண் வைப்பது வீட்டுக் கார் ஷெட் மீதுதான். காரைத் தெருவில் நிறுத்து, டிரம்ஸை உள்ளே வை, ஷட்டரை இழுத்து விடு. அவ்வளவுதான், பயிற்சி ஆரம்பம்.

"தம்பி, எங்க புள்ளைக்கு நாளைக்குப் பரீட்சை. கொஞ்சம் நிறுத்துங்கப்பா" என்று முதல் நாள் பக்கத்து வீட்டு அம்மா கெஞ்சுவார். அடுத்த வாரம் வாசலில் போலீஸ்காரர் நிற்பார்.

55 டெசிபல்

2000-ம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி, குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல்தான் அளவு. இரவு என்பது 10 மணி முதல் காலை 6 மணி வரை. அளவுக்கு மேல் 10 டெசிபல் கூடினாலே புகார் கொடுக்கலாம். டிரம்ஸை ஓங்கி அடித்தால், அடிப்பவர் காதில் 100 டெசிபலைத் தாண்டும்.

முட்டை அட்டை

உடனே வாலிபர்கள் ஓடுவது முட்டைக் கடைக்கு. காலி அட்டைகளை வாங்கிச் சுவர் பூரா ஒட்டுவார்கள். பலன்? அறைக்குள் எதிரொலி கொஞ்சம் குறையும். தெருவுக்குப் போகும் சத்தம் குறையாது. ஸ்பாஞ்ச் ஒட்டினாலும் அதே கதைதான்.

சத்தத்தைத் தடுப்பது கனம். 9 அங்குலச் செங்கல் சுவர் நன்றாகத் தடுக்கும். தகர ஷட்டர் கோட்டை விட்டுவிடும். காற்று நுழையும் இடுக்கில் எல்லாம் சத்தமும் நுழையும். ஆகவே ஷட்டருக்கு உள்பக்கம் சுவர் எழுப்பி, கனமான மரக்கதவு போட்டு, விளிம்பைச் சுற்றி ரப்பர் பட்டை ஒட்டவேண்டும்.

டிரம்ஸ் அதிர்வு தரை வழியாகவும் போகும். அதற்கு அறைக்குள் அறை கட்டுவார்கள். ரப்பர் மேல் பலகைத் தரை; பழைய சுவரைத் தொடாமல் தனிச் சட்டம்; இடைவெளியில் ராக்வூல்; அதன் மேல் இரண்டு அடுக்கு ஜிப்சம் பலகை.

100 பேர் சாவு

இங்கேதான் ஆபத்தும் இருக்கிறது.

அமெரிக்காவில் ரோட் ஐலண்டு மாநிலத்தில் 'ஸ்டேஷன்' என்ற இரவு விடுதி இருந்தது. சத்தம் தாங்கவில்லை என்று அக்கம்பக்கத்தார் புகார் செய்ததால், மேடைச் சுவரில் ஸ்பாஞ்ச் ஒட்டினார்கள். 2003 பிப்ரவரி 20-ந் தேதி இரவு, கச்சேரி தொடங்கியதும் மேடையில் மத்தாப்பு கொளுத்தினார்கள். பொறி ஸ்பாஞ்சில் பட்டது. 6 நிமிடத்திற்குள் கட்டிடம் முழுவதும் தீ. உயிர் தப்ப ஓடிய கூட்டம் முன்வாசலில் சிக்கிக் கொண்டது. 100 பேர் பலியானார்கள்.

கார் ஷெட்டில் மத்தாப்பு இல்லை. ஆனால் சூடான ஆம்ப்ளிபயர், பழைய ஒயர், ஒரே பிளக்கில் நாலு இணைப்பு, யாரோ ஒருவர் கையில் சிகரெட், இத்தனையும் உண்டு. சுற்றிலும் அட்டையும் ஸ்பாஞ்சும் இருந்தால் ஒரு பொறி போதும். ராக்வூலும் ஜிப்சமும் லேசில் பற்றாது. செலவு கூடினாலும் அதுதான் நல்லது.

ஏ.சி. போதுமா?

"அதான் ஏ.சி. இருக்கே அண்ணே" என்பார்கள். சுவரில் மாட்டும் ஸ்ப்ளிட் ஏ.சி. உள்ளே இருக்கும் காற்றையேதான் குளிர வைக்கும். புதுக்காற்றைக் கொண்டு வராது. மூடிய அறையில் ஐந்து பேர் இரண்டு மணி நேரம் இருந்தால் புழுக்கமும் தலைவலியும் வந்துவிடும். வளைந்து வளைந்து போகும் குழாய்க்குள் பஞ்சு உறை போட்டு விசிறி வைத்தால் காற்று வரும், சத்தம் வெளியே போகாது.

கதவு வெளிப்பக்கம் திறக்கவேண்டும். தாழ்ப்பாள் உள்ளிருந்து சட்டென விலகவேண்டும். பயிற்சி நேரத்தில் ஷட்டரை இறக்கவே கூடாது. இன்னொரு வழி இருந்தால் அதையும் சாமான் வைத்து மறைக்கக்கூடாது.

பிளானில் கார் நிறுத்தும் இடம் என்று காட்டியிருந்தால், கை வைக்கும் முன் மாநகராட்சியில் கேட்டுக்கொள்வது நல்லது.

எல்லாம் முடிந்ததும் ஒருவர் டிரம்ஸ் அடிக்க, இன்னொருவர் பக்கத்து வீட்டுத் திண்ணையில் நின்று கேட்கவேண்டும். பிறகு விளக்கை அணைத்துவிட்டு, இருட்டில் எல்லோரும் வெளியே வந்து பார்க்கவேண்டும். இரண்டிலும் தேறினால்தான் அது பயிற்சிக் கூடம்!