சுருங்கிய காயமும் சுருங்காத பொறுப்பும்

1880ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஒகாயோ மாநிலத்தில் மருத்துவர் லங்கிரன், ஒரு தாய்க்கு இரண்டாம் முறையாகச் சிசேரியன் செய்தபோது, மூன்றாவது பேறு அவருயிருக்கு ஆபத்தாகுமென்று அஞ்சி, கருக்குழாய்களைக் கட்டிவிட்டார். பெண்களுக்கான கருத்தடை அறுவையின் தொடக்கம் அதுவே. பின்னர் மருத்துவர் பொமராய், குழாயை மடித்துக் கட்டி, மடிப்பை வெட்டிநீக்கும் எளிய முறையைக் கண்டார். அவர் மறைந்த பின் 1930இல் அது வெளியாயிற்று. 1970களில் சிறு துளைவழியே லேப்ராஸ்கோப் கருவியைச் செலுத்தி, குழாயில் வளையமிடும் முறை பரவியது. காயம் சுருங்கிற்று, நேரமும் குறைந்தது.

அந்த விரைவே தீங்காகவும் முடிந்தது. 2014 நவம்பரில் சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் மாவட்ட முகாமொன்றில், சில மணி நேரத்தில் 83 பெண்களுக்கு அறுவை நடந்தது. அங்கும் அடுத்து நடந்த முகாம்களிலுமாகப் 13 பெண்கள் மாண்டனர். இத்தகைய முகாம்களை மூன்றாண்டுகளுக்குள் கைவிடுமாறு 2016இல் உச்ச நீதிமன்றம் பணித்தது.

திருத்தந்தை ஆறாம் சின்னப்பரின் 1968ஆம் ஆண்டுச் சுற்றுமடல் நிரந்தரக் கருத்தடையை ஏற்கவில்லை. அரசுகள் இத்தகைய முறைகளைக் குடும்பங்கள்மீது திணிக்கக்கூடும் எனவும் அது எச்சரித்தது. பெண்ணை இலக்கின் எண்ணாகக் கருதும் இடத்தில், எவ்வளவு நுண்ணிய கருவியும் அவளைக் காவாது என்பதைக் குடும்பங்கள் நினைவிற் கொள்வது நலம்.