ஒத்துக்காரன் எங்கே?

வில்லியனூர் திருக்காமீசுவரர் தேரோட்டத்தைப் பற்றி எழுதும் பத்திரிகைகள், வடம் பிடித்தவர் இன்னார் என்பதை முதல் வரியில் எழுதுவது வழக்கம். பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் கவர்னர் துரை வடம் பிடித்தார். 1954-ஆம் ஆண்டு நவம்பர் முதல் தேதி அவ்வாட்சி நீங்கிற்று, வழக்கம் நீங்கவில்லை. இன்று துணைநிலை ஆளுநர் வடம் பிடிக்கிறார். ஆனால் தேருக்கு முன்னே மல்லாரி வாசித்துச் செல்லும் மேளக்காரரைப் பற்றி ஒரு வரியும் எழுதுவாரில்லை. இக்குற்றத்தில் நமக்கும் பங்குண்டு.

அடுத்த திருவிழாவில் நமது வாசகர்கள் அக்கூட்டத்தைச் சற்று எண்ணிப் பார்க்கும்படி வேண்டுகிறோம். நாகஸ்வரம் இரண்டு இருக்கும்; தவில் இரண்டு இருக்கும்; தாளம் போடுவார் ஒருவர் இருக்கலாம். ஒத்து ஊதுகிறவன் எங்கே? பல ஊர்களில் அவன் இருந்த இடத்தில் மின்சாரச் சுருதிப் பெட்டி ஒன்று இருந்து இரைகிறது. ஒரு பையனுக்குப் பதில் ஒரு பெட்டி வந்ததனால் என்ன மோசம் என்று கேட்பார் கேட்கலாம். மோசம் பெரிது. பெரிய மேளத்துக்கு இருந்த ஒரே பள்ளிக்கூடம் அந்தப் பையன் நின்ற இடமே என்பது நமது துணிபு.

(நாகஸ்வரமா, நாதஸ்வரமா என்று வழக்காடுவோர் வழக்காடுக. நாம் வக்கீல் தொழிலில் இருந்தும் அவ்வழக்கில் புக விரும்பவில்லை.)

ஒத்து என்பது நாகஸ்வரத்தின் உருவமே உடையது. விரல் வைக்கும் துளைகள் மட்டும் அதற்கில்லை. ஒரே சுருதியை விடாமல் ஊதுவதே அதன் வேலை. விடாமல் ஊதுவதென்றால், கன்னத்தில் காற்றை நிறுத்தி அதனால் வாத்தியத்தை ஒலிக்கச் செய்துகொண்டே மூக்கினால் மூச்சை இழுக்க வேண்டும். இதைப் பத்து வயதுப் பையன் ஈராண்டு செய்வானாயின், மூச்சு அவன் வசமாகிறது. சுருதி காதில் ஊறிவிடுகிறது. குருவோ அவனுக்கு அரை முழ தூரத்தில் நின்று ஆலாபனை செய்கிறார். தோடியும் கரஹரப்பிரியாவும் எங்கே எழும்பி எங்கே அடங்குகின்றன என்பதை, பாடமென்று பெயர் சொல்லாமலே, இரவு முழுதும் அவன் கேட்கிறான். மறுநாட் காலையில் வீட்டுத் திண்ணையில் ஸரளி வரிசை. மாலையில் மறுபடியும் கோயில்.

புத்தகத்தை வைத்துக்கொண்டு இவ்வித்தையைக் கற்க இயலாது. நாகஸ்வரத்தில் வாசிக்கும் துளைகள் ஏழு. அடியில் உள்ள மற்ற ஐந்தும் சுருதியைச் சரிப்படுத்த மெழுகிட்டு அடைப்பதற்கானவை. இந்த ஏழில் பன்னிரண்டு ஸ்வர ஸ்தானங்களும் அவற்றின் கமகங்களும் பிறக்க வேண்டும். ஆர்மோனியத்தில் போலக் கட்டையை அழுத்தினால் ஸ்வரம் வாராது. உதட்டின் பிடியும், சீவாளியில் செலுத்தும் காற்றின் அளவும், விரல் பாதி மூடும் நுணுக்கமும் சேர்ந்தால்தான் வரும். துத்துகாரம், தன்னகாரம், அகாரம் என்று நாவசைவின் வகைகளுக்குப் பெயருண்டு; பெயரைத் தெரிந்துகொண்டவன் வாசித்துவிட முடியாது. சீவாளியோ கொறுக்கைத் தட்டையினால் செய்வது. நாளுக்கு நாள் குணம் மாறும். எந்தச் சீவாளி இன்று பேசும், எது பேசாது என்பதைக் குரு தம் உதட்டில் வைத்துப் பார்த்துச் சொல்லக் கேட்டு அறிவதன்றி வேறு வழியில்லை.

தவிலும் அவ்வாறே. பலா மரத்தில் குடைந்த அவ்வாத்தியத்தின் ஒரு புறத்தைக் கழியாலும், மறுபுறத்தைக் கூடு மாட்டிய விரல்களாலும் அடிக்க வேண்டும். தவிலாசிரியர் மாணவன் கையில் தவிலை உடனே கொடுப்பதில்லை. சொற்கட்டுகளை முதலில் வாயினால் சொல்லச் செய்கிறார். பிறகு கையினால் தாளம் போட்டுக்கொண்டே சொல்லச் செய்கிறார். சொல் தவறாதவனுக்குத்தான் கழி. வாயில் நிற்காத கணக்கு கையில் நிற்குமா?

நாம் சட்டம் படித்த நாளில் வயலின் கற்க ஆசைப்பட்டு ஒரு வாத்தியாரை அமர்த்தினோம். வாரம் இரண்டு நாள், நாளைக்கு ஒரு மணி. மூன்றாம் மாதமே கீர்த்தனை சொல்லிக் கொடுக்கும்படி நெருக்கினோம். அவர் மாதச் சம்பளத்தை எண்ணியோ என்னவோ உடன்பட்டார். அக்கீர்த்தனை இன்றுவரை நமக்கு வந்தபாடில்லை. பிழை வாத்தியாருடையதன்று. பிள்ளையின் அவசரத்துக்கு ஆசிரியர் அடங்க நேர்ந்த முறையின் பிழை அது. பாகூர்ப் பக்கத்துக் கிராமத்தானும் தன் மகளை மின்சாரக் கீபோர்டு வகுப்புக்கு அனுப்பும் காலம் இது. லண்டன் டிரினிட்டி கல்லூரியின் எட்டுப் படிப் பரீட்சைகளுக்குப் பிள்ளைகளைத் தயார் செய்யும் வாத்தியார்கள் நகரந்தோறும் இருக்கின்றனர். அதை நாம் பழிக்கவில்லை. படிப்படியாகச் செல்லும் ஒழுங்கும், இன்ன காலத்தில் இன்னது தெரியவேண்டும் என்ற வரையறையும் நமது ஆசிரியர்களும் கொள்ளத் தக்கவையே.

அயல்நாட்டு வாத்தியமென்று நாம் எதையும் தள்ளினவரல்லோம். முத்துஸ்வாமி தீக்ஷிதரின் தம்பி பாலுஸ்வாமி தீக்ஷிதர் (1786–1858), மணலி முதலியார் ஆதரவில் ஓர் ஐரோப்பியரிடம் பிடில் கற்றார். வாத்தியம் அங்கிருந்து வந்தது. ஆனால் அதை நம்மவர் தரையில் அமர்ந்து, தலைப்பைப் பாதத்தில் ஊன்றி, வாய்ப்பாட்டைப் பின்தொடரும் முறையில் பயின்று நமதாக்கிக் கொண்டனர். அது நமதாயிற்றென்றால், கற்பிக்கும் முறை நமதாக இருந்ததனாலேயே.

அம்முறைக்குச் செலவு கொடுத்தவர் யார் என்பதை இனிப் பார்ப்போம். பாகூர் வெறும் நெற்களஞ்சியமன்று. ஒன்பதாம் நூற்றாண்டில் நிருபதுங்கவர்ம பல்லவனது ஆட்சியின் எட்டாம் ஆண்டில், மூன்று ஊர்களை வாகூர் வித்யாஸ்தானத்துக்கு விட்டதாகப் பாகூர்ச் செப்பேடுகள் பேசுகின்றன. அங்கே பயின்றவை பதினான்கு வித்தைகள். அப்பதினான்கில் சங்கீதம் சேராது; பதினெட்டென எண்ணுவோரே காந்தர்வ வேதத்தைச் சேர்ப்பர். திருபுவனையில் 1048-ஆம் ஆண்டுக் கல்வெட்டு 260 மாணவருக்கும் 12 ஆசிரியருக்கும் ஏற்பாடு கூறுகிறது. அதுவும் வேத சாஸ்திரங்களுக்கே. வாத்தியக்காரருக்கு இருந்த ஏற்பாட்டைக் காணத் தஞ்சைக்குச் செல்லவேண்டும். இராஜராஜன் பெரிய கோயிலில் ஆடற்பெண்டிர் 400 பேருக்கும், வீணை, வங்கியம், உடுக்கை முதலியவை வாசிப்பார்க்கும் பங்கு வகுத்தான். ஒரு பங்கு என்பது ஆண்டுக்கு நூறு கலம் நெல். ஒருவர் இறந்தால் அவர் உறவினர் அப்பங்கைப் பெற்றுப் பணி செய்யலாம். அவர் தகுதியற்றவராயின் தகுதியுடையாரை இடவேண்டும் என்பது நிபந்தனை. சட்டம் அறிந்தோர் இந்நிபந்தனையைக் கவனிக்க. பங்கு போகாமலிருக்க வேண்டுமானால் வீட்டுப் பிள்ளைக்கு வித்தை வந்தாக வேண்டும். அந்நிபந்தனையே கல்விச் சட்டமாக நின்றது.

பிற்காலத்தில் மானியங்கள் சுருங்கின. மின்சார மணி முரசு வந்தது. விசையைத் தட்டினால் பூஜை வேளையில் தானே முழங்குகிறது. நித்திய பூஜைக்கு மேளம் வேண்டாமென்றாயிற்று. கலியாணத்துக்கு மட்டும் அழைக்கப்படும் வித்வான் சிஷ்யனை எதைக் கொண்டு வைத்துக் காப்பார்? நரசிங்கம்பேட்டை நாகஸ்வரத்துக்கு 2022-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. மகிழ்ச்சியே. வில்லியனூர்ச் சுடுமண் பொம்மைக்கும் அக்குறியீடு உண்டு. ஆனால் பொம்மையை வாங்கி அலமாரியில் வைத்தால் போதும். நாகஸ்வரத்தை அலமாரியில் வைத்தால் அது ஆச்சா மரத்துண்டு.

பழைய குருகுலத்தை நாம் அப்படியே போற்றுவதாக எவரும் எண்ணவேண்டாம். அடியும் ஏவலும் அங்கே ஏராளம். அதனினும் கொடிது சாதியின் இழிவு. சபையில் உட்காரலாகாது, மேல்துண்டை இடுப்பில் கட்டவேண்டும் என்று சீமான்கள் விதித்த நாட்டில், மானமுள்ள வித்வான் தன் மகனை இத்தொழிலில் விடாமல் பள்ளிக்கு அனுப்பினான் என்றால், அவனைக் குறைகூற எவருக்கு வாயுண்டு? மேடையில் அமர்ந்து வாசிப்பேன் என்று திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை போன்றார் பிடிவாதம் செய்து அவ்விழிவைக் குறைத்தனர். கதவைப் பிறருக்குத் திறந்த ஆசிரியர்களும் இருந்தனர். ஆந்திர நாட்டு முஸ்லிமான ஷேக் சின்ன மௌலானாவுக்கு நாச்சியார்கோயில் ராஜம், துரைக்கண்ணு சகோதரர்கள் வித்தையை ஒளியாமல் கொடுத்தார்கள். அவர் தஞ்சைப் பாணியின் தலைசிறந்த வித்வான்களில் ஒருவரானார். மதுரை பொன்னுத்தாய் பெண்ணாயிருந்தும் இவ்வாத்தியத்தில் பெரும் புகழ் பெற்றார்.

அரியாங்குப்பத்தில் அரசாங்கத்தின் பாரதியார் பல்கலைக்கூடம் இருக்கிறதே என்பர். இருக்கட்டும், நல்ல நிலையமே. ஆனால் பட்டப் படிப்புக்கு வருகிறவன் வாலிபன். ஒத்துப் பிடிக்கவேண்டிய வயது பத்து. அந்த எட்டு வருஷத்தில் அவன் மூச்சை யார் பழக்குவது?

நமது யோசனை இது. 1972-ஆம் ஆண்டுப் புதுவை இந்து சமய நிறுவனங்கள் சட்டத்தின் கீழ் வரும் கோயில்களில், வில்லியனூர், பாகூர் போன்ற வருமானமும் நிலமும் உள்ளவற்றில், நாகஸ்வர வித்வான் ஒருவரையும் தவில் வித்வான் ஒருவரையும் மாதச் சம்பளத்தில் நியமிக்க வேண்டும். அவரவருடன் இரு மாணவர், சாதி பாராமல், ஆணாயினும் பெண்ணாயினும். ஒத்தும் தாளமும் அம்மாணவர் கையில். அதற்கு முதல் நாளிலிருந்தே படி. காலையில் பள்ளிக்கூடம், மாலையில் கோயில். மேளக் கூலியில் ஒத்துக்கும் தாளத்துக்கும் பங்கு கொடுப்பது பழைய வழக்கமாகையால், இதைப் புதுமை என்று எவரும் மறுக்க முடியாது.

இதற்குப் பணம் எங்கே என்று தருமகர்த்தாக்கள் கேட்பார்கள். மணி முரசு வாங்கின கணக்கை முதலில் எடுத்து வைக்கட்டும். கோயில் நிலக் குத்தகை எவ்வளவு வசூலாகிறது, எவ்வளவு நிலுவை என்ற கணக்கையும் அதன் பக்கத்தில் வைக்கட்டும். 1968-க்குப் பின் 2006 வரை தேர்தலே காணாத கொம்யூன்களில் கணக்குக் கேட்கும் பழக்கம் மங்கியிருப்பது இயல்பே. கேட்கத் தொடங்குவோர்க்கு நமது பத்தியில் இடமுண்டு. வைகாசிக்கு முன் எழுதுவார்களாயின், தேரோட்டத்துக்கு முன்னரே வெளியிடுவோம்.