வாடிவாசலுக்கும் காவலர் தேர்வுக்கும் ஒரே பயிற்சி போதுமா?

 

மார்கழி பிறந்துவிட்டால் அலங்காநல்லூர் வட்டாரத்தில் விடியுமுன்னே கண்மாய்க்கரையிலும் பள்ளி மைதானத்திலும் ஓட்டச் சத்தம் கேட்கத் தொடங்கிவிடும். ஒரு தம்பி தை மாத ஜல்லிக்கட்டுக்குத் தயாராகிறார். இன்னொருவர் காவலர் தேர்வுக்காக ஓடுகிறார். மற்றொருவர் ஊர்க் கபடிக் குழுவில் இருக்கிறார். வேறொருவர் மதுரையில் மாதப் பணம் கட்டி, கைப்பேசியில் பார்த்த பயிற்சியையெல்லாம் மூச்சு வாங்க வாங்கச் செய்கிறார்.

இவர்கள் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான். "எல்லாப் பயிற்சியையும் கலந்து வேகமாச் செய்யிறது நல்லதா? இல்லை, எதுக்குப் போறமோ அதை மட்டும் செஞ்சாப் போதுமா?" நியாயமான கேள்வி. இதற்கான விளக்கத்தை இத்துண்டுப் பிரசுரத்தில் காண்போம்.

இரண்டு வகைப் பயிற்சிகள்

முதல் வகை கலப்புப் பயிற்சி. இன்று பளு தூக்குவது, நாளை குதிப்பதும் ஓடுவதும், மறுநாள் கயிறு ஏறுவதும் தண்டாலும் என்று மாற்றி மாற்றி, குறைந்த நேரத்தில் முழு வேகத்தில் செய்வது. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 2000-ஆம் ஆண்டு நிறுவனமாகத் தொடங்கிய 'கிராஸ்ஃபிட்' இந்த முறையை உலகமெங்கும் பரப்பியது. நமக்கு இது முற்றிலும் புதிதல்ல. தண்டால், பஸ்கி, கர்லாக்கட்டை, சிலம்பம், இளவட்டக்கல் என்று நம் தாத்தாமார்கள் கலந்து செய்ததும் இதே இனம்தான்.

இரண்டாவது வகை குறிக்கோள் பயிற்சி. எந்தப் போட்டிக்கு, எந்தத் தேர்வுக்குப் போகிறோமோ அதற்கு வேண்டிய வேகம், தூரம், அசைவு ஆகியவற்றையே திரும்பத் திரும்பப் பழகுவது.

விவசாயிக்குச் சொன்னால் எளிதில் விளங்கும். மானாவாரியில் சோளத்தோடு துவரையும் தட்டைப்பயறும் கலந்து விதைத்தால் எந்த வருஷமும் வீட்டுக்கு ஏதாவது வந்து சேரும். ஆனால் நெல் மகசூலில் முதலாவதாக வர வேண்டுமானால் அந்த வயலில் நெல்லுக்கு மட்டுமே பாடுபட வேண்டும்.

உடம்பு எப்படிப் பழகுகிறது?

நமது தசைகளுக்குச் சக்தி மூன்று வழிகளில் கிடைக்கிறது. முழு பலத்துடன் செய்யும் முதல் 10 விநாடி வேலைக்குத் தசையில் முன்பே சேர்ந்திருக்கும் சக்தி உதவுகிறது. அதற்குமேல் ஓரிரு நிமிடம் வரை, பிராணவாயு போதாத நிலையிலும், சர்க்கரைச் சத்து எரிந்து சக்தி தருகிறது. அதைத் தாண்டினால் மூச்சும் இதயமும் கொண்டுவரும் பிராணவாயுவே பெரும்பகுதி வேலையைப் பார்க்கிறது. எந்த வழியை அதிகம் உபயோகிக்கிறோமோ அந்த வழி பலப்படும். எந்த அசைவைப் பழகுகிறோமோ அந்த அசைவில்தான் தேர்ச்சி வரும்.

1996-ஆம் ஆண்டு ஜப்பானில் இஸூமி தபாட்டா என்ற ஆராய்ச்சியாளரும் அவருடைய குழுவினரும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒரு பிரிவினர் வாரம் 5 நாள், தினம் 60 நிமிடம், மிதமான வேகத்தில் நிலை சைக்கிள் மிதித்தார்கள். மற்றொரு பிரிவினர் வாரத்தில் 4 நாள், 20 விநாடி முழு வேகம், 10 விநாடி ஓய்வு என்று சில நிமிடங்களே மிதித்தார்கள். 6 வாரங்கள் கழித்துப் பார்த்தபோது இரு பிரிவினருக்கும் மூச்சு பலம் கூடியிருந்தது. ஆனால் குறுகிய நேர வேக பலம் இரண்டாம் பிரிவினருக்கு மட்டுமே, சுமார் 28 சதவீதம் உயர்ந்திருந்தது. ஆகவே நேரம் குறைவாக உள்ளவர்களுக்கு வேகப் பயிற்சி வீண் அல்ல. அதே சமயம், அவர்கள் சைக்கிளில்தான் பழகினார்கள். சைக்கிளில்தான் சோதிக்கப்பட்டார்கள் என்பதையும் மறக்கக் கூடாது.

யாருக்கு எது?

1. காவலர் தேர்வுக்குச் செல்வோர்: இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓட வேண்டும். பெண்கள் 400 மீட்டரை 2 நிமிடம் 30 விநாடிக்குள் ஓட வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆண்கள் ஒவ்வொரு 400 மீட்டரையும் 1 நிமிடம் 52 விநாடிக்குள் முடித்துக்கொண்டே போக வேண்டும். வாரம் 2 நாள் நிதானமான நீண்ட ஓட்டம். ஒரு நாள் 400 மீட்டரை 1 நிமிடம் 45 விநாடியில் ஓடி, 2 நிமிடம் ஓய்ந்து, 4 தடவை ஓடுவது. இப்படிப் பழகியவர் தேர்வு நாளில் தடுமாற மாட்டார். கயிறு ஏறுதலும் அப்படியே. தண்டால் தள்ளுகிற பலம். கயிறு இழுக்கிற பலம். "நூறு தண்டால் எடுக்கிறேன், கயித்துல பாதிகூட ஏற முடியலை" என்பதற்குக் காரணம் இதுதான்.

2. மாடுபிடி வீரர்கள்: திமிலைப் பிடித்து, காளை மூன்று துள்ளல் துள்ளும் வரையோ 15 மீட்டர் தூரம் வரையோ விடாமல் போக வேண்டும். எல்லாம் சில விநாடிகளில் முடிந்துவிடும். அடுத்த காளை வருவதற்குள் மூச்சு திரும்ப வேண்டும். ஒரு சுற்று முழுவதும் இப்படியே. ஆகையால் முன்கைப் பிடி, கால் வலு, சட்டென்று விலகும் சுறுசுறுப்பு, குட்டை ஓட்டம் ஆகியவை அவசியம். இங்கே கலப்புப் பயிற்சி பெருமளவு உதவும். ஆனால் காளையின் போக்கை அறிவது எந்த ஜிம்மிலும் கிடைக்காது. மேலும் ஒன்றை மனதில் வையுங்கள்: கொம்புக்கு உங்கள் உடற்பயிற்சி தெரியாது. பதிவும் மருத்துவப் பரிசோதனையும் இல்லாமல் களத்தில் இறங்க வேண்டாம். ரண ஜன்னித் தடுப்பூசியை முன்கூட்டியே கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். மருத்துவர் "இந்த வருஷம் வேண்டாம் தம்பி" என்று சொன்னால் அது அவமானம் அல்ல. உங்கள் வீட்டாருக்குக் கிடைத்த நன்மை.

3. கபடி வீரர்கள்: ஒரு பாட்டுக்கு 30 விநாடி, ஒரு பாதி ஆட்டத்துக்கு 20 நிமிடம். வேகமும் வேண்டும், தாக்குப்பிடிப்பதும் வேண்டும். இரண்டு வகையும் சரிபாதியாகக் கலந்து செய்யலாம்.

4. போட்டிக்கோ தேர்வுக்கோ போகாதவர்கள்: நாற்பது வயது அப்பா, அம்மா, கடைக்காரர், அலுவலகத்தில் உட்கார்ந்து வேலை செய்வோர் அனைவருக்கும் கலவையே நல்லது, ஆனால் முழு வேகம் தேவையில்லை. வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு, அல்லது 75 முதல் 150 நிமிடம் கடுமையான உழைப்பு, அத்துடன் 2 நாள் தசைக்கு வலுவூட்டும் பயிற்சி என்பது உலக சுகாதார நிறுவனம் 2020-இல் கூறிய அளவு. வேக நடை நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுவே மிதமான வேகம். கர்ப்பிணிகளும் பிள்ளை பெற்ற தாய்மார்களும் கிராம சுகாதார செவிலியரிடமோ மருத்துவரிடமோ கேட்டு, நடையில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டலாம்.

அஸ்திவாரம் முதலில், மாடி பிறகு

இரண்டில் ஒன்றைத் தள்ளிவிட வேண்டியதில்லை. 12 வாரம் கையில் இருந்தால் இப்படிப் பிரிக்கலாம்:

முதல் 4 வாரம்: மிதமான கலப்புப் பயிற்சி. அசைவுகளைச் சரியாகக் கற்பது.
அடுத்த 4 வாரம்: பாதி கலப்பு, பாதி குறிக்கோள். வாரத்தில் கடும் வேகப் பயிற்சி 2 நாளுக்கு மேல் வேண்டாம்.
கடைசி 4 வாரம்: பெரும்பகுதி குறிக்கோள் பயிற்சி. இறுதி வாரத்தில் அளவைக் குறைத்து உடம்பை ஆற விடுவது.

வாரம் ஒரு நாள் முழு ஓய்வு. இரவு 7 மணி நேரமாவது தூக்கம். "பொங்கலுக்கு இன்னும் பத்து நாள்தான் இருக்கு, இப்பப் பிடிச்சு ஏத்திருவோம்" என்று தொடங்குகிறவர்தான் பெரும்பாலும் காயப்படுகிறார்.

உடனே நிறுத்த வேண்டிய அடையாளங்கள்

- நெஞ்சு வலி, நெஞ்சு இறுக்கம், மயக்கம், தாறுமாறான படபடப்பு.
- வெயிலில் பயிற்சி செய்யும்போது பேச்சுக் குழறல், தடுமாற்றம், உடம்பு நெருப்பாகச் சுடுதல். நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பெங்கும் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். உடனே 108-ஐ அழையுங்கள்.
- பழக்கமில்லாமல் கடுமையாகச் செய்தபின் தாங்க முடியாத தசைவலி, வீக்கம், வரக்காப்பி நிறத்தில் சிறுநீர். இது தசை சிதைந்து அதன் கழிவு சிறுநீரகத்தைத் தாக்குவதன் அறிகுறி. "தண்ணி குடிச்சாச் சரியாப் போயிரும்" என்று வீட்டில் இருந்துவிடாமல் அன்றே ஆஸ்பத்திரிக்குச் செல்லுங்கள்.

இரத்தக் கொதிப்பு, சர்க்கரை நோய் உள்ளவர்களும், குடும்பத்தில் இளவயதில் திடீர் மரணம் நேர்ந்தவர்களும் மருத்துவரைப் பார்த்த பின்னரே கடும் பயிற்சி தொடங்க வேண்டும்.

சாப்பாடும் ஊசியும்

60 கிலோ எடையுள்ளவர் கடும் பயிற்சி செய்தால் நாளொன்றுக்குச் சுமார் 75 முதல் 95 கிராம் புரதம் வேண்டும். முட்டை ஒன்றில் 6 கிராம், 100 கிராம் நிலக்கடலையில் 25 கிராம் உள்ளது. பருப்பு, பயறு, மீன், மோர், கம்பங்கூழ் எல்லாம் நம் வீட்டிலேயே இருப்பவை. டப்பாப் பவுடர் கட்டாயமில்லை.

தசை சீக்கிரம் ஏறும் என்று சொல்லி விற்கும் ஸ்டீராய்டு ஊசியை, மாத்திரையைத் தொடவே தொடாதீர்கள். விதைப்பை சுருங்கும்; விந்தணு குறையும்; இதயமும் கல்லீரலும் கெடும். கல்யாணமாகிப் பிள்ளை இல்லையே என்று பெண்ணைக் குறைசொல்லும் வீடுகளில், காரணம் ஆணிடம் இருக்கக்கூடும் என்பதையும் அறிய வேண்டும்.

தாய்மார்களே! பிள்ளை ஓடுவதைத் தடுக்காதீர்கள். "எதுக்கு ஓடுற, எத்தனை நாளாப் பழகுற, டாக்டர்கிட்டக் காட்டுனியா?" என்று மூன்று கேள்வி மட்டும் கேளுங்கள். மூன்றுக்கும் பதில் இருந்தால் அவன் சரியான வழியில் போகிறான்.

சந்தேகமிருப்பின் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தை அணுகவும்.

கலந்து பழகி உடம்பை வளர்ப்போம்!
குறிக்கோள் பழகி வெற்றி பெறுவோம்!
அளவறிந்து பழகி நலமுடன் வீடு திரும்புவோம்!