கடற்பசு குறைந்தால் மீன் ஏன் குறையும்?

மன்னார்க் கடலில் கடற்பசுவைக் காண்பதே இன்று அரிது. ஒருகாலத்தில் இறைச்சிக்காகப் பிடித்தார்கள். இப்போது சட்டம் தடுக்கிறது. ஆனாலும் எண்ணிக்கை ஏன் மீளவில்லை?

விடை அதன் உடம்பிலேயே இருக்கிறது. கர்ப்பகாலம் 13 மாதத்துக்கும் மேல். ஈன்றால் ஒரே குட்டி; அடுத்ததற்கு 3 முதல் 7 ஆண்டுகள். மீனைப்போலச் செவுள் இல்லை, நுரையீரல்தான். சில நிமிடங்களுக்கு ஒருமுறை மேலே வந்து மூச்செடுக்க வேண்டும். திருக்கை வலையில் சிக்கினால் மூச்சுமுட்டிச் சாகும். ஒரு தாய் செத்தால், அந்த இழப்பை ஈடுகட்டப் பல ஆண்டுகள் ஆகும்.

சரி, அதனால் நமக்கென்ன? கடற்பசு தடித்த மேலுதட்டால் மணலைக் கிளறி, கடற்புல்லை வேரோடு தின்னும். ஒரு நாளைக்கு 30 கிலோவுக்கும் மேல். மேய்ந்த இடம் நீண்ட தடமாய்த் தெரியும். அங்கே இளம்புல் தளிர்க்கும். விதைகளும் அதன் குடல்வழியே வேறிடம் போய் முளைக்கும். அந்தப் புல்வெளியில்தான் இறால், நண்டு, ஓரா மீன்களின் குஞ்சுகள் ஒளிந்து வளர்கின்றன. மன்னார் மீனவரின் நாளைய பிடிபாடு அது.

அந்தப் புல்லையே வழித்தெடுக்கும் இழுவைமடியை இலங்கை 2017இல் தடைசெய்தது. எதிர்க்கரையில் தமிழ்நாடு 2022இல் பாக்கு விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசுக் காப்பகமாக அறிவித்தது. கடற்பசுவுக்கு எல்லைக்கோடு தெரியாது. இரு கரையும் சேர்ந்தே காக்க வேண்டும்.

வலையில் உயிரோடு சிக்கினால், வலையை அறுத்து விட்டுவிடுங்கள்.