பேரகராதியைக் கணிப்பொறியில் ஏற்றுமாறு

சிறுதுளி பெருவெள்ளம் என்பது முன்னோர் மொழி. பொருளீட்டுவார்க்கு அது சாலப் பொருந்தும். கணிப்பொறியிற் சொற்களைக் குவிப்பார்க்கும் பொருந்துமோவென ஈண்டு ஆராய்வாம்.

சென்னைப் பல்கலைக்கழகத்தார் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ்ப் பேரகராதி 1,04,405 சொற்களையுடையது. அப்பணிக்கு முதற்கண் தலைமை பூண்டவர் அமெரிக்க மிஷனைச் சார்ந்த சாண்ட்லர் ஐயர். பின்னர் முற்றுவித்தவர் வையாபுரிப் பிள்ளையவர்கள். அச்சொற்களைச் சொல்லுக்கொரு நிரையாகத் தரவுத்தளமொன்றில் ஏற்றுவதாகக் கொள்வோம்.

நாம் எழுதும் நிரலுக்கும் தரவுத்தளத்துக்குமிடையே தூது செல்வது டிரைவர் எனப்படும் இயக்கி. ஒரு சொல்லைக் கொடுப்பின் அதனைச் சேர்ப்பித்து, விடைபெற்று மீளும். தரவுத்தளமோ கட்டளையைப் பகுத்துணர்ந்து எழுதி, எழுதியது வட்டிற் பதிந்ததென உறுதிசெய்த பின்னரே விடை தரும். ஆகவே காலஞ் செல்வது எழுதுதற்கன்று, போக்குவரவுக்கும் உறுதிப்பாட்டிற்குமேயாம்.

கணக்கிட்டுக் காண்க. நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் வட்டில் ஓர் உறுதிப்பாட்டுக்கு இரு சுழற்சி வேண்டுமென்பர் எஸ்கியூலைட் தரவுத்தளத்தை இயற்றினோர். எனவே நொடிக்கு 60 சொற்களே ஏறும். பேரகராதி முற்ற 29 நிமிடமாம். அனைத்தையும் பரிவர்த்தனை என்னும் ஒரே கட்டினுள் அடக்கி, இறுதியில் ஒருமுறை உறுதிசெய்யின், நொடிக்கு 50,000 நிரை ஏறும். இரண்டு நொடிகளிற் பணி முடியும். இக்காலத்துச் சுழலா வட்டுகள் விரைவு மிக்கனவாயினும் முறை இதுவே.

விரைவு மட்டுமோ பயன்? மேனாம்பேட்டில் எம் இல்லத்தில் யான் சொற்களை ஒவ்வொன்றாய் ஏற்றுகையில் நடுவே மின்சாரம் நின்றது. எச்சொல் ஏறிற்று, எச்சொல் எஞ்சிற்று என்றறியாது மீளத் தொடங்கினேன். அகர முதற் சொற்கள் பல இருமுறை நின்றன. அகராதிக்கு இதனினும் இழுக்கு யாது? பரிவர்த்தனையுள் அடக்கியிருப்பின், எல்லாம் ஏறியிருக்கும். அன்றேல் ஒன்றும் ஏறியிராது.

அங்ஙனமாயின் அனைத்தையும் ஒரே கட்டளையிற் கொடுக்கலாமோ எனின், அதுவும் இயலாது. போஸ்ட்கிரெஸ் ஒரு கட்டளையோடு தனியே இணைத்தனுப்பும் மதிப்புகளை 65,535-க்கு மேல் ஏலாது. சொல், இலக்கணம், பொருள் என நிரைக்கு மூன்றாயின் 21,845 சொற்களே எல்லை. ஆதலின் ஆயிரம் ஆயிரமாகப் பகுத்து, அப்பகுதிகளை ஒரு பரிவர்த்தனையுள் நிறுத்துதல் நலம். மிகப் பெருந்தொகைக்கு, அத்தரவுத்தளத்திற்கே உரிய காப்பி என்னும் கட்டளை தக்கது. பெயரைக் கண்டு மயங்குதலும் கூடாது: பைத்தான் மொழிக்குரிய சைக்காப்ஜி 2 இயக்கியில் எக்ஸிக்யூட்மெனி என்பது, பலவற்றை ஒருங்கு செலுத்துவதுபோல் தோன்றினும், ஒவ்வொன்றாகவே செலுத்தும்.

ஐயாயிரவர்க்கு அப்பம் பகிர்ந்த நம் ஆண்டவர், ஜனங்களை நூறு பேராகவும் ஐம்பது பேராகவும் பந்தியிருத்தினார் என மாற்கு சுவிசேஷம் கூறும். உண்டபின் எஞ்சிய துணிக்கைகளும் வீணாகாவண்ணம் சேர்ப்பித்தார் என்பது யோவான் கூற்று. நாமும் பந்தி பந்தியாக ஏற்றுவோம். ஏற்றியபின் எண்ணியும் பார்ப்போம். ஒன்று குறையினும் 1,04,404 என நிற்குமன்றோ? அவ்வொன்று நம் முன்னோர் வழங்கிய சொல்.