முன்பள்ளிக்கு முதல் ஒரு ஊசி

வாகரை, பனிச்சங்கேணி, கதிரவெளிப் பக்கத்து அம்மாமாரே, பிள்ளையை முன்பள்ளிக்கு அனுப்பச் சட்டை, சப்பாத்து, தண்ணீர்ப் போத்தல் எல்லாம் வாங்கியாச்சா? சரி, பிள்ளையின் கிளினிக் கொப்பியைத் திறந்து பார்த்தீங்களா?

9 மாதத்தில் போட்ட எம்.எம்.ஆர் ஊசியை 3 வயது முடிந்ததும் இன்னொரு தரம் போட வேணும். மறந்து போகக்கூடிய ஊசி இது. இந்த ஊசி தடுக்கிற சின்னமுத்து லேசான நோய் இல்லை. நோய் வந்த பிள்ளை இருமிவிட்டு வீட்டுக்குப் போன பிறகும், அந்த வகுப்பறைக் காற்றில் கிருமி 2 மணித்தியாலம் வரை நிற்கும். இலங்கையில் ஒழிந்துவிட்டது என்று 2019இல் அறிவித்த நோய், 2023இல் திரும்பவும் வந்தது.

ஊசி இலவசம். கொப்பியில் 3 வயது ஊசிக்கான கட்டம் வெறுமையா இருந்தால், இந்தக் கிழமையே உங்கள் ஊர் மிட்வைஃப் அம்மாவைப் போய்ப் பாருங்கோ.