தேன்மதுவுக்குத் தேன் வாங்குதல்

தேன்மது என்பது தேனை நீரில் கரைத்து, ஈஸ்ட் சேர்த்து நொதிக்கவிட்டுப் பெறப்படும் மதுபானம். ஆங்கிலம் பேசும் நாடுகளில் இது மீட் என்று அழைக்கப்படுகிறது. எத்தியோப்பியாவில் தெஜ் என்ற பெயரிலும், போலந்தில் பல வகைகளாகவும் இது மரபாகத் தயாரிக்கப்பட்டு வருகிறது. சங்க இலக்கியத்திலும் மூங்கில் குழாயில் ஊற்றி முதிரவைத்த தேன் தேறலைக் குறவர் அருந்தியது பற்றிய குறிப்புகள் உள்ளன.

அமெரிக்கா, பிரித்தானியா, கனடா போன்ற நாடுகளில் சொந்தப் பயன்பாட்டுக்காகத் தேன்மதுவை வீட்டில் தயாரிப்போர் பலர். பீருக்கு வேண்டிய தானியத்தையும் திராட்சை மதுவுக்கு வேண்டிய பழத்தையும் விடத் தேனுக்கு விலை அதிகம். தேன்மதுவின் செலவில் பெரும்பகுதி தேனுக்கே போகிறது. எனவே, சுவை கெடாமல் தேனை மலிவாக வாங்குவது எப்படி என்பது இதைத் தயாரிப்பவர் எதிர்கொள்ளும் முதல் கேள்வி. இக்கட்டுரை பெரும்பாலும் அமெரிக்கச் சந்தையை அடிப்படையாகக் கொண்டு அதை விளக்குகிறது.

எவ்வளவு தேன் தேவை

தேனில் ஏறக்குறைய 80 விழுக்காடு சர்க்கரை. எஞ்சியதில் பெரும்பகுதி நீர். ஒரு லிட்டர் பானத்தில் 1 விழுக்காடு ஆல்கஹால் உண்டாகச் சுமார் 17 கிராம் சர்க்கரை வேண்டும். இந்த இரண்டு எண்களைக் கொண்டு தேவையான தேனைக் கணக்கிடலாம். சர்க்கரை முழுவதும் நொதித்து, இனிப்பு எஞ்சாத நிலையில் ஒரு லிட்டருக்கு வேண்டிய தேன்:

- 6 விழுக்காடு ஆல்கஹாலுக்கு: சுமார் 130 கிராம்
- 8 விழுக்காட்டுக்கு: சுமார் 170 கிராம்
- 10 விழுக்காட்டுக்கு: சுமார் 210 கிராம்
- 12 விழுக்காட்டுக்கு: சுமார் 255 கிராம்
- 14 விழுக்காட்டுக்கு: சுமார் 300 கிராம்

இனிப்பான தேன்மது வேண்டுமானால் இதற்கு மேலும் தேன் சேர்க்க வேண்டும். போலந்து வகைகள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அங்கு தேனும் நீரும் கலக்கும் விகிதத்தை வைத்தே பானத்துக்குப் பெயர் இடுகின்றனர். ஒரு பங்கு தேனுக்கு மூன்று பங்கு நீர் சேர்ப்பது ச்வூர்னியாக். இரண்டு பங்கு நீர் சேர்ப்பது த்ரூய்னியாக். சம பங்கு சேர்ப்பது த்வூய்னியாக். ஒரு பங்கு தேனுக்கு அரைப் பங்கு நீர் மட்டுமே சேர்ப்பது பூவ்தொராக். இவற்றில் முதல் வகைக்கு லிட்டருக்கு ஏறத்தாழ 355 கிராம் தேன் செலவாகும். கடைசி வகைக்கு ஏறத்தாழ 950 கிராம் வேண்டும். முதிரவைக்கும் காலமும் இதே வரிசையில் கூடுகிறது. ச்வூர்னியாக்கை 9 மாதம் வைத்தால் போதும். பூவ்தொராக்கை 3 ஆண்டுகளாவது வைக்க வேண்டும்.

இதிலிருந்து, செலவைக் குறைக்கும் முதல் வழி கடையில் இல்லை, செய்முறையில் இருக்கிறது என்பது விளங்கும். 14 விழுக்காட்டுப் பானத்துக்குப் பதிலாக 7 விழுக்காட்டுப் பானம் செய்தால் தேன் செலவு பாதியாகிவிடும். இத்தகைய மென்மையான தேன்மது சில வாரங்களிலேயே குடிக்கத் தயாராகிவிடும் என்பது கூடுதல் நன்மை.

விலையை ஒப்பிடும் முறை

தேனைச் சிலர் எடையிலும் சிலர் கொள்ளளவிலும் விற்கின்றனர். கடைப் புட்டிகளில் எடை அச்சிடப்பட்டிருக்கும். தேனீ வளர்ப்போரோ பைன்ட், குவார்ட், கேலன் என்று கண்ணாடிச் சாடிக் கணக்கில் விற்பதும் உண்டு. தேன் நீரைவிட அடர்த்தியானது. ஒரு லிட்டர் தேன் சுமார் 1.4 கிலோ எடை இருக்கும். ஒரு குவார்ட் சாடியில் சுமார் 1.35 கிலோவும், ஒரு அமெரிக்க கேலனில் சுமார் 5.4 கிலோவும் பிடிக்கும். எல்லாவற்றையும் கிலோ விலையாக மாற்றிய பிறகே ஒப்பிட வேண்டும்.

கீழ்க்காணும் விலைகள் கணக்கை விளக்குவதற்காக மட்டும் எடுத்துக்கொண்டவை. 340 கிராம் புட்டி 5 டாலர், 2.27 கிலோ குடுவை 20 டாலர், 27.2 கிலோ வாளி 180 டாலர் என்று கொள்வோம். 12 விழுக்காடு ஆல்கஹால் உள்ள 5 லிட்டர் தேன்மதுவுக்குச் சுமார் 1.28 கிலோ தேன் வேண்டும். சிறு புட்டியாக வாங்கினால் இதற்குச் சுமார் 19 டாலர் ஆகும். குடுவையில் வாங்கினால் 11 டாலர். வாளியில் வாங்கினால் எட்டரை டாலர்.

சிறு புட்டியை விட்டுக் குடுவைக்கு மாறும்போது கிடைக்கும் சேமிப்பு பெரிது. குடுவையை விட்டு வாளிக்கு மாறும்போது கிடைப்பது சிறிது. அந்த வாளியில் உள்ள தேனைக் கொண்டு 12 விழுக்காட்டுத் தேன்மது 100 லிட்டருக்கு மேல் செய்யலாம். ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை 5 லிட்டர் செய்பவருக்கு அவ்வளவு தேன் தேவைப்படாது. நண்பர்கள் சிலர் சேர்ந்து ஒரு வாளி வாங்கிப் பிரித்துக்கொள்வது வழக்கத்தில் உள்ளது. காற்றுப் புகாமல் மூடி வைத்தால் தேன் ஆண்டுக்கணக்கில் கெடாது.

எதற்குக் கூடுதல் விலை தேவையில்லை

தேன்மதுவுக்குத் தேவையில்லாத சில பண்புகளுக்காகவும் கடையில் விலை கூடுகிறது.

தெளிவு: உறைந்து சர்க்கரை போலாகிவிட்ட தேனை மக்கள் விரும்புவதில்லை. அதனால் சில இடங்களில் அது மலிவாகக் கிடைக்கும். உறைதல் தேனின் இயல்பே தவிரக் கலப்படத்தின் அடையாளம் அன்று. நீரில் கரைக்கப்போகும் தேன் உறைந்திருந்தாலும் குறையில்லை. குடுவையைச் சுமார் 40 பாகை செல்சியசு வெந்நீரில் வைத்தால் இளகிவிடும்.

தர எழுத்து: அமெரிக்க வேளாண்மைத் துறை தேனுக்கு ஏ, பி, சி என்று தரம் வகுத்துள்ளது. இது விற்பவர் விரும்பினால் பின்பற்றும் ஏற்பாடு. சுவை, தெளிவு, நீரின் அளவு போன்றவற்றை வைத்துத் தரம் கூறப்படுகிறது. ஏ, பி தரங்களில் நீர் 18.6 விழுக்காட்டுக்கு மேல் இருக்கக் கூடாது. சி தரத்தில் 20 விழுக்காடு வரை இருக்கலாம். நிறம் தரத்தில் சேராது. எனவே கறுத்த தேன் தாழ்ந்த தேன் ஆகாது.

சூடுபடுத்தாத தேன் என்ற பெயர்: சூடுபடுத்தாத தேனில் மணம் கூடுதலாக இருக்கும் என்பது உண்மை. ஆனால் பழச்சாறோ ஏலம், இலவங்கம் போன்ற மசாலாப் பொருள்களோ சேர்த்துச் செய்யும் தேன்மதுவில் அந்த வேறுபாடு பெரும்பாலும் மறைந்துவிடும். தேனும் நீரும் மட்டும் கொண்டு செய்யும் பானத்தில்தான் அது தெரியும்.

பேக்கரித் தேன் என்ற ஒரு வகையும் உண்டு. ஐரோப்பிய ஒன்றியச் சட்டத்தின்படி, வேற்று மணம் ஏறிய தேன், நொதிக்கத் தொடங்கிய தேன், அளவுக்கு மீறிச் சூடான தேன் ஆகியவற்றை இப்பெயரில் விற்கலாம். சமையலுக்கு மட்டும் என்று அதன் மேல் எழுதியிருக்க வேண்டும். இதை வாங்குவதானால் சுவைத்துப் பார்த்து வாங்க வேண்டும். கருகிய வாடையோ புளித்த வாடையோ தேனில் இருந்தால் மதுவிலும் இருக்கும். இனிப்பு மறைந்தபின் அது இன்னும் எடுப்பாகத் தெரியும்.

மிக மலிவான தேனின் சிக்கல்

மலிவு ஓர் எல்லையைக் கடந்தால், வாங்கியது தேன்தானா என்ற கேள்வி எழுகிறது. அரிசி, சோளம், பீட்ரூட் வகைகளிலிருந்து எடுக்கும் சர்க்கரைப் பாகு தேனைவிட மிக மலிவு. அதைத் தேனில் கலப்பது உலக அளவில் நடக்கிறது. ஐரோப்பிய ஆணையம் 2023இல் வெளியிட்ட ஆய்வில், இறக்குமதியான 320 தேன் மாதிரிகளில் 147 மாதிரிகள், அதாவது 46 விழுக்காடு, கலப்படம் என்று ஐயுறப்பட்டன. இந்தியாவில் தில்லியிலுள்ள அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 2020இல் 13 வணிகப் பெயர்களில் விற்கும் தேனைச் சோதித்து, பெரும்பாலானவற்றில் சர்க்கரைப் பாகு இருப்பதாக அறிவித்தது. நிறுவனங்கள் அதை மறுத்தன.

பாகும் நொதிக்கும். ஹைட்ரோமீட்டரில் பார்த்தால் அதன் சர்க்கரை அளவும் சரியாகவே இருக்கும். ஆனால் தேன்மதுவில் கடைசியில் எஞ்சுவது சர்க்கரை அன்று. அதை ஈஸ்ட் உண்டுவிடும். எஞ்சுவது பூக்களிலிருந்து வந்த மணமும் சுவையுமே. பாகு கலந்த தேனில் அவை குறைவு. மாதக்கணக்கில் காத்திருந்தபின் கிடைப்பது சுவையற்ற சர்க்கரை மதுவாக இருக்கும். அவ்வாறாயின் தேன் விலை கொடுத்துச் சர்க்கரை வாங்கியதாகவே பொருள். உண்மையான தேனைத் தரும் தேனீ வளர்ப்போரும் இந்தப் போலி விலையோடு போட்டியிட முடியாமல் தொழிலை இழக்கின்றனர்.

வீட்டில் செய்யும் சோதனைகள் இதைக் கண்டுபிடிக்கா. தண்ணீரில் விட்டால் கரையாமல் அடியில் தங்கும், தாளில் ஊறாது, தீக்குச்சியை நனைத்தாலும் எரியும், எறும்பு மொய்க்காது என்பவை பரவலாகச் சொல்லப்படுபவை. இவற்றில் சில தேனில் நீர் மிகுந்துள்ளதா என்பதை ஓரளவு காட்டலாம். கெட்டியான பாகும் இதே சோதனைகளில் தேறிவிடும். ஆய்வகத்திலும் எளிதன்று. கரும்பு, மக்காச்சோளப் பாகைக் கார்பன் ஐசோடோப்புச் சோதனை காட்டிக்கொடுக்கும். அரிசி, பீட்ரூட் பாகு அதற்குத் தப்பிவிடும். அவற்றுக்கு அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு போன்ற முறைகள் வேண்டும்.

எனவே வாங்குபவருக்கு உள்ள பாதுகாப்பு, தேன் எங்கிருந்து வந்தது என்பதை அறிவதே. அமெரிக்காவில் தர எழுத்து அச்சிட்ட புட்டியில் தேன் எந்த நாட்டிலிருந்து வந்தது என்பதும் அச்சிடப்பட வேண்டும். பல நாடுகளின் பெயர்கள் வரிசையாக இருந்து, விலையும் மற்றவற்றைவிட மிகக் குறைவாக இருந்தால் தவிர்ப்பது நல்லது.

எங்கு வாங்கலாம்

தேனீ வளர்ப்போர்: கோடையின் பிற்பகுதியிலும் இலையுதிர் காலத் தொடக்கத்திலும் தேன் எடுத்து முடித்த சமயத்தில் நேரில் வாங்கினால் விலை பேசலாம். சொந்தப் பாத்திரம் கொண்டுபோனால் புட்டி, வில்லை ஆகியவற்றின் செலவு குறையும். அழகான சிறு புட்டியில் விற்க இயலாத தேன் அவர்களிடம் இருக்கும். அடர்ந்த நிறமுள்ளது, உறைந்தது, பல பூக்களின் தேன் கலந்தது ஆகியவை அவற்றுள் சில. நீர் சற்று மிகுந்த தேன் வைத்திருந்தால் தானே நொதிக்கும் என்பதால் அதையும் மலிவாகத் தரலாம். உடனே பயன்படுத்துவதாக இருந்தால் தேன்மதுவுக்கு அது போதும். நீர் கூடிய அளவுக்குத் தேனைச் சிறிது கூட்டிக்கொள்ள வேண்டும்.

மெழுகு மூடித் தேன்: தேன் எடுக்கும்போது அறைகளின் மேல் உள்ள மெழுகு மூடியை வெட்டி எடுப்பர். அதில் தேன் நிறைய ஒட்டியிருக்கும். அந்த மெழுகை நீரில் அலசி, அந்த நீரிலிருந்து தேன்மது செய்வது பழைய முறை. இதில் தேனின் அளவு தெரியாது என்பதால் ஹைட்ரோமீட்டர் கட்டாயம் வேண்டும்.

மொத்த விற்பனைக் கடைகள்: உறுப்பினர் கட்டணம் பெறும் பெரிய கடைகளில் குளோவர் தேனும் காட்டுப்பூத் தேனும் பெரிய குடுவைகளில் கிடைக்கின்றன. முதன்முறை செய்பவருக்கு இவை ஏற்றவை.

எந்தத் தேன் எதற்கு

குளோவர் தேன் மென்மையானது. பெர்ரிப் பழங்களோ மசாலாவோ சேர்க்கும் தேன்மதுவுக்கு அது போதுமானது. ஆரஞ்சுப் பூத் தேன் போன்ற தனிப்பூத் தேன்களை, வேறு எதுவும் சேர்க்காத பானத்துக்கு ஒதுக்குவது சிக்கனம். பக்வீட் தேன் மிகக் கறுத்தது, மணம் கடுமையானது. அதைத் தனியே பயன்படுத்தாமல் சிறு பங்காகக் கலப்பர்.

விலை உயர்ந்த தேனைச் சிறிதளவு பயன்படுத்தியே பலன் பெறவும் வழி உண்டு. நொதிக்கும்போது வெளியேறும் கரியமில வாயு மணத்தில் ஒரு பகுதியைக் கொண்டுபோய்விடும். ஆகவே மலிவான நல்ல தேனைக் கொண்டு நொதிக்கவைத்து, நொதித்தல் முற்றிலும் நின்று தெளிந்தபின் லிட்டருக்கு 10 முதல் 20 கிராம் வரை மணமுள்ள தேனைச் சேர்க்கலாம். அதற்கு முன் பொட்டாசியம் சோர்பேட்டும் சல்பைட்டும் இட்டு ஈஸ்ட் மீண்டும் பெருகாமல் தடுக்க வேண்டும். இல்லையேல் மூடிய புட்டிக்குள் நொதித்தல் தொடங்கிப் புட்டி வெடிக்கலாம்.

தேனை வீணாக்காமல் காத்தல்

தேனில் ஈஸ்ட் வளரத் தேவையான நைட்ரசன் மிகக் குறைவு. அது கிடைக்காவிட்டால் நொதித்தல் பாதியில் நிற்கலாம், அழுகிய முட்டை வாடை வரலாம். ஈஸ்ட்டுக்கான ஊட்டப்பொருள் மலிவானது. அதை முதல் சில நாட்களில் பிரித்துப் பிரித்து இடுவது வழக்கம். பாத்திரங்களைத் தூய்மை செய்யும் கரைசலும் அதிக விலை இல்லை. இவ்விரண்டிலும் சிக்கனம் பார்த்தால் முழுத் தேனும் வீணாகக்கூடும்.

பழைய குறிப்புகளில் தேனும் நீரும் சேர்த்துக் கொதிக்கவைக்கச் சொல்லியிருக்கும். கொதிக்கவைத்தால் மணம் ஆவியாகிவிடும். இன்று பலர் கொதிக்கவைக்காமல் கரைக்கின்றனர். மணத்துக்காக விலை கொடுத்து வாங்கிய தேனைக் கொதிக்கவைப்பதில் பொருளில்லை.

சட்டநிலை

அமெரிக்கக் கூட்டரசுச் சட்டத்தில் தேன்மது திராட்சை மதுவோடு சேர்த்தே கருதப்படுகிறது. வயது வந்த ஒருவர் மட்டும் உள்ள வீட்டில் ஆண்டுக்கு 100 கேலன் வரையும், இருவரோ அதற்கு மேலோ உள்ள வீட்டில் 200 கேலன் வரையும் சொந்தப் பயன்பாட்டுக்கு வரியின்றித் தயாரிக்கலாம். விற்கக் கூடாது. மாநிலச் சட்டங்கள் வேறுபடலாம். எந்த மதுவையும் வீட்டில் காய்ச்சி வடிப்பது அங்கும் குற்றம்.

தமிழ்நாட்டில் 1937ஆம் ஆண்டின் தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டத்தின்படி உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது குற்றம். வீட்டுப் பயன்பாட்டுக்கான தேன்மதுவும் அதில் அடங்கும். இலங்கையிலும் மதுவரிச் சட்டப்படி உரிமம் வேண்டும். எனவே மேலே கூறிய செய்முறைக் குறிப்புகள், வீட்டுத் தயாரிப்பைச் சட்டம் ஏற்கும் நாடுகளில் வாழ்வோருக்கே பொருந்தும்.